ஒபிசர் இம்மாகுலேற் வேலைநிறுத்தம் செய்த கதை

தென் லண்டன் நோர்பரியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இம்மாகுலேற் அக்காவை "ஒபிசர் அக்கா" என்றுதான் தெரியும். கவுன்சிலில் ஒபிசராக இருக்கிறா என்று அவவின் கணவர் அருள்நேசன் எப்போதோ யாருக்கோ சொல்ல, அது பரவிவிட்டது. முழுப் பொய்யும் இல்லை. அவவின் அடையாள அட்டையில் ஒபிசர் என்ற சொல் இருக்கத்தான் செய்தது. அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. பிழையான இடத்தில் நிற்கும் கார்களுக்குத் தண்டம் கட்டச் சொல்லி டிக்கற் எழுதுகிற ட்ரபிக் வோர்டன் அவ.

லண்டன் தமிழர் நடுவில் அதை வாய்விட்டுச் சொல்வது லேசான காரியம் இல்லை. கடை வைத்திருப்பவர், டெலிவரி ஓடுபவர், மினிகாப் ஓடுபவர் என்று எங்கள் ஆட்களில் எத்தனை பேர்! ஒவ்வொருவரிடமும் ஒரு டிக்கற் கதை இருக்கும். கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் வோர்டன்மாரைத் திட்டத் தொடங்கினால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்துவிடுவார்கள். இம்மாகுலேற் அக்கா தலையை ஆட்டிக்கொண்டு சோற்றைப் பிசைவா.

"நானும் ரெண்டு வசனம் சேர்த்துத் திட்டியிருக்கிறன்," என்று பின்னாளில் எனக்குச் சொன்னா. "இல்லாட்டிச் சந்தேகப்படுவினம்."

அக்கா மன்னார் பேசாலையில் பிறந்தவ. தொண்ணூற்றொன்பதில் இங்கே வந்தா. முதலில் சான்ட்விச் பாக்டரி, பிறகு ஹொட்டேலில் அறை துப்புரவு, பிறகு பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வருஷம். வெயில் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகிறது என்றே தெரியாத வாழ்க்கை. ஒரு நாள் வேலை விளம்பரம் ஒன்றில் "நடக்க விருப்பம் இருக்க வேண்டும்" என்று ஒரு வரியைப் பார்த்தா. அந்த ஒரு வரிக்காகவே விண்ணப்பம் போட்டா. அப்போது அவவுக்கு முப்பத்தொன்பது வயது. இப்போது ஐம்பத்து மூன்று. ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி நடப்பா. வோர்டன் வேலைக்கு வந்த பிறகு முழங்கால் நோவு போய்விட்டது என்று சத்தியம் பண்ணுவா.

அவவுக்குக் கிடைத்தது மேற்கு லண்டனில் ஒரு பணக்காரப் பகுதி. கவுன்சிலின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டா, எழுதவில்லை. வரிசையாக வெள்ளை வீடுகள், பளபளக்கும் கறுப்புக் கதவுகள். சில வீடுகளுக்கு நிலத்துக்குக் கீழே நீச்சல் தடாகம். பாதி வீடுகளில் வருஷத்தில் இரண்டு கிழமைதான் திரைச்சீலை விலகும். தெரு நடுவில் ஒரு அழகான பூங்கா. எப்போதும் பூட்டியிருக்கும், அதன் திறப்பு வீட்டுக்காரரிடம் மட்டும்.

"காலமை எட்டு மணிக்கு அந்த ரோட்டிலை நிக்கிற எல்லாரும் வேலைக்காரர்தான்," என்பா. "பிள்ளை பாக்கிறவை, நாய் கூட்டிக்கொண்டு போறவை, கட்டிட வேலைக்காரர், நான். வீட்டுக்காரரைக் காணவே ஏலாது."

தொடக்கத்தில் அவவுக்குத் தன் வேலையில் ஒரு பெருமை இருந்தது. அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பது டிக்கற் ஒன்றுதான் என்று நினைத்திருந்தா. கோடீஸ்வரன் காருக்கும் அதே காகிதம், பால் வானுக்கும் அதே காகிதம். அந்த நினைப்பு உடைந்தது ஒரே கிழமையில்.

திங்கட்கிழமை, குழாய் திருத்துகிற ஒருவரின் பழைய வான். நேரம் முடிந்து பதினாறு நிமிஷம். அக்கா வழக்கம்போல் மெதுவாக நடந்தா, இருமினா, பக்கத்து வீட்டுப் படியில் நின்று சப்பாத்துக் கயிற்றை இரண்டு தரம் கட்டினா. ஆள் வரவில்லை. டிக்கற்றைக் கண்ணாடியில் ஒட்டிய பிறகு ஓடி வந்தார், கை முழுக்கச் சேறு. திட்டவில்லை. வானின் படியில் குந்திக்கொண்டு, "அம்மா, இன்றைக்கும் நாளைக்கும் நான் சும்மா வேலை செய்கிறேன் என்று அர்த்தம்," என்றார்.

புதன்கிழமை, ஒரு மஞ்சள் நிற றேசிங் கார். நிறுத்தவே கூடாத இரட்டை மஞ்சள் கோட்டின் மேலே நிற்கிறது. அதன் சொந்தக்காரர், முப்பது வயதிருக்கும், அமெரிக்கர், கையில் கோப்பியோடு வந்து டிக்கற்றை வாங்கிக் காருக்குள் எறிந்தார். உள்ளே ஏற்கனவே ஏழெட்டு டிக்கற் கிடந்தது. "தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு இது பார்க்கிங் கட்டணம். இடம் தேடி நேரத்தை வீணாக்குவதைவிட மலிவு," என்று சிரித்தார். நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்றிரவு அக்கா அருள்நேசனிடம் சொன்னா: "இஞ்சருங்கோ, ஒரே காகிதம்தான். ஆனா ஒருத்தனுக்கு அது தண்டனை, மற்றவனுக்கு அது வாடகை. இவ்வளவு நாளும் எனக்கு இது விளங்கேல்லையே."

அருள்நேசன் சுப்பர்மார்க்கட் கிடங்கில் வேலை. கோயில் பாண்டில் ட்ரம் அடிப்பவர். எதையும் பகிடியாகவே எடுப்பார். "விளங்காமல் இருந்திருந்தால் நல்லாய் நித்திரை கொண்டிருப்பீர்," என்றார்.

வோர்டன்மாரை வேலைக்கு வைத்திருந்தது கவுன்சில் நேரடியாக இல்லை. கவுன்சில் ஒரு கொம்பனிக்குக் குத்தகை கொடுத்திருந்தது. அந்தக் கொம்பனியை நியூயோர்க்கில் இருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. வாங்கி மூன்று மாதத்தில் மாற்றங்கள் வந்தன. பின்னேரத் தேத்தண்ணி இடைவேளை போனது. சுகமில்லாவிட்டால் முதல் மூன்று நாளுக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். வோர்டன்மார் கையில் வைத்திருக்கும் மெசினில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. நாலு நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் சிவப்பு லைற் எரியும். ஒரு கிழவிக்கு வழி சொன்னாலும் எரியும், மழைக்கு ஒதுங்கினாலும் எரியும். சம்பளம் மட்டும் அசையவில்லை.

பிறகு நியூயோர்க்கிலிருந்து க்ரெய்க் என்ற பெரிய மனேஜர் வந்தார். நிலக்கீழ் அறையில் எல்லா வோர்டன்மாரையும் கூட்டி, சுவரில் ஒரு மலையின் படத்தைக் காட்டி, "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்," என்றார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

இம்மாகுலேற் அக்கா கையை உயர்த்தினா. பதினாலு வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவ. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டா: "ஐயா, எங்கள் ஊரில் குடும்பம் என்றால் ஒரு சட்டியிலிருந்துதான் சாப்பிடுவோம். உங்கள் சட்டி எங்கே இருக்கிறது?"

பின்வரிசையில் இருந்த க்வாமே சிரித்தார். கானா நாட்டுக்காரர், தொழிற்சங்கப் பிரதிநிதி, சிரித்தால் சுவர் அதிரும். அவர் சிரிக்க அறை முழுக்கச் சிரித்தது. க்ரெய்க்கும் சிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போனார்.

கூட்டம் முடிந்ததும் க்வாமே அக்காவிடம் வந்தார். "சகோதரி, இருபது வருஷமாய் நான் மேடையில் கத்துகிறேன். நீ ஒரு சட்டியில் முடித்துவிட்டாய். கமிற்றியில் சேருகிறாயா?"

அக்கா சேர்ந்தா. வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தாறு பேர் ஓம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்காவுக்குப் பயம் பிடித்தது. சம்பளம் நிற்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், தெருவில் பதாகையோடு நிற்க வேண்டும், யாராவது கண்டுவிட்டால்?

"ஆருக்குப் பயம்?" என்றார் அருள்நேசன். "நீர் என்ன கள்ளமே எடுத்தனீர்? வள்ளம் கவிண்டு தண்ணி குடிச்சு வந்த சனம் நாங்கள். இனியும் ஒளிச்சுத் திரியிறதுக்கே வந்தனாங்கள்?"

"ஓம், உங்களுக்குச் சொல்லலாம். கோயிலிலை என்னை ஒபிசர் எண்டு கூப்பிடுகினம். அதைக் கட்டிவிட்டதே நீங்கள்தான்."

அருள்நேசன் சிரித்தார். "சரி, நான் கட்டினதை நானே அவிட்டு விடுறன். வியாழக்கிழமை எனக்கு லீவு. ட்ரம்மோடை வாறன்."

வேலைநிறுத்தம் தொடங்கியது போன வைகாசியில். கொம்பனி அலுவலகம் அந்தப் பூட்டிய பூங்காவுக்கு எதிரே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம். வாசலுக்குப் பக்கத்தில் மஞ்சள் மழைச்சட்டைகளோடு நின்றார்கள். ஊரே தங்களை வெறுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தாதிமார் வேலைநிறுத்தம் செய்தால் சனம் கை தட்டும். வோர்டன்மார் செய்தால்? முதல் நாள் கார்களெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின, ஆதரவுக்கு இல்லை, ஆனந்தத்துக்கு. ஒரு மனுசன் காரை நிறுத்தி, ஒரு போத்தல் ஷாம்பெயினை க்வாமேயின் கையில் கொடுத்தான். "தயவுசெய்து நிறைய நாள் செய்யுங்கள்," என்றான். கமிற்றி கூடி ஆலோசித்து, அதை ஏற்றுக்கொள்வதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

நாலு நாள் அந்தப் பகுதிக்குத் திருவிழாதான். எங்கு வேண்டுமானாலும் கார். ஐந்தாம் நாள் குப்பை லொறி தெருவுக்குள் திரும்ப முடியாமல் போய்விட்டது. வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் காசு கட்டி வாங்கிய இடம் உண்டு, அதில் வேறு யாரோ நின்றார்கள். அந்த வேறு யாரோவைத் தடுத்து இன்னொருவர். சாமான் கொண்டு வந்த வான்கள் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போயின. கறுப்புக் கதவுகள் திறந்தன. பதினாலு வருஷத்தில் இம்மாகுலேற் அக்கா காணாத முகங்களெல்லாம் படியில் வந்து நின்று தெருவைப் பார்த்தன.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் றூத். எழுபத்தொன்பது வயது, அமெரிக்கக்காரி, இரண்டாம் இலக்க வீடு. ஆறாம் நாள் காலையில் ஒரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வோர்டன்மாருக்கு நடுவில் விரித்து இருந்தா.

அக்காவுக்குச் சந்தேகம். "மெடம், நீங்கள் இந்த வீட்டுக்காரர் அல்லவா? ஏன் இங்கே வந்து இருக்கிறீர்கள்?"

"நேற்று என் குப்பையை யாரும் எடுக்கவில்லை," என்றா றூத். "சீக்கிரம் வெல்லுங்கள்."

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது மிச்சத்தைச் சொன்னா. ஒஹாயோவில் ஒரு சிறு பட்டினம், தகப்பன் டயர் தொழிற்சாலையில் வேலை. அவவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு பனிக்காலம் முழுக்க வேலைநிறுத்தம். வீட்டில் அவரைக்காய் சூப்பைத் தவிர வேறு இல்லை. கடைசியில் வென்றார்கள்.

"அந்தக் காலத்தில் முதலாளியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறு தெரு தள்ளித்தான். பெரிய வீடு. ஆனால் நடந்து போய்க் கதவைத் தட்டலாம். என் அப்பா ஒரு தரம் தட்டியிருக்கிறார். முதலாளியின் மகன் என் வகுப்பில் படித்தான், கணக்கில் என்னைப் பார்த்து எழுதுவான். இப்போது என் தம்பியின் பேரன் அதே ஊரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். அவன் கையிலும் உங்களுடையதைப் போல ஒரு மெசின். நின்றால் கத்தும். அவனுடைய முதலாளி யார் என்று கேட்டேன். தெரியாது என்கிறான். யார் கதவைத் தட்டுவது? ஒருவேளை இந்தத் தெருவில் உள்ள கதவாகவே இருக்கலாம்." கோப்பையைக் கீழே வைத்தா. "என் கணவர் நிறையச் சம்பாதித்தார். நான் நிறைய அனுபவித்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் சூப்பை மறக்கவும் இல்லை."

இம்மாகுலேற் அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு மீன் கட்லற்றை அவவின் கையில் வைத்தா. றூத் மூன்று சாப்பிட்டா.

வியாழக்கிழமை அருள்நேசன் ட்ரம்மோடு வந்து இறங்கினார். தூறல். எல்லாரும் விறைத்துப் போய் நின்றார்கள். அவர் ஒரு தூணோடு சாய்ந்து பைலா ஆட்டத்தின் தாளத்தைப் பிடித்து, அந்த இடத்திலேயே ஒரு பாட்டைக் கட்டினார்:

"மஞ்சள் கோட்டிலை காரை விட்டான் மாப்பிள்ளை,
மழையிலை நனைஞ்சு நிக்கிறா எங்கட வீட்டுப் பிள்ளை!"

மன்னார்க் கடற்கரையில் வளர்ந்த ஒருத்திக்கு அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க ஏலாது. முதலில் தோள் ஆடியது, பிறகு கால். க்வாமே பாட்டு விளங்காமலே பின்பாட்டுப் பாடினார். றூத் கதிரையை விட்டெழும்பி, "எனக்கும் காட்டு," என்றா. மஞ்சள் மழைச்சட்டையோடு இம்மாகுலேற் அக்காவும், முத்துமாலையோடு றூத்தும், நடைபாதையில் கையைக் கோத்து இடுப்பை ஆட்டினார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை பார்க்கிற பிலிப்பைன்ஸ் பெண் குழந்தை வண்டிலை நிறுத்திவிட்டுத் தானும் நாலு சுற்றுச் சுற்றினா. யாரோ அதைப் போனில் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள்.

பின்னேரத்துக்குள் அது லண்டன் முழுக்கச் சுற்றிவிட்டது. ஏழு மணிக்கு எங்கள் கோயில் வாட்ஸப் குறூப்புக்கும் வந்தது. நான் அப்போதுதான் பார்த்தேன். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இது எங்கட ஒபிசர் அக்கா மாதிரிக் கிடக்கு?" அதற்குக் கீழே அருள்நேசன் எழுதியிருந்தார்: "மாதிரி இல்லை. அவவேதான். ட்ரம் அடிக்கிறது நான்."

அடுத்ததாக மகள் றொசாந்தியின் அழைப்பு. றொசாந்திக்கு இருபத்தாறு வயது. வங்கிகள் நிறைந்த கனறி வோர்வில் ஒரு அமெரிக்க நிதி நிறுவனத்தில், முப்பதாம் மாடியில் வேலை.

"அம்மா," என்றாள் மகள், "இண்டைக்கு ஒபிசிலை எனக்குப் பக்கத்திலை இருக்கிறவன் ஒரு வீடியோ காட்டினவன். பாத்தால் நீங்கள்."

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்..."

"ஆறு வருஷமா நான் எல்லாருக்கும் என்ரை அம்மா கவுன்சிலிலை மனேஜர் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"மனேஜரோ? ஒபிசர் எண்டுதானே நாங்கள் சொன்னனாங்கள்!"

"நான் ப்ரொமோஷன் தந்திட்டன்." மறுபக்கத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "இண்டைக்குச் சொல்லிட்டன், அம்மா. இது என்ரை அம்மா எண்டு. ஒருத்தரும் நம்பேல்லை. நான் உங்கட படத்தை எடுத்துக் காட்டினனான். பேந்து எல்லாரும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தவை. நீங்கள் இப்பிடி ஆடுவீங்கள் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள், மடிக்கணினியோடு. கொம்பனியின் வருடாந்த அறிக்கையைத் தரவிறக்கிக் குசினி மேசையில் வைத்து, தாய்க்கும் க்வாமேக்கும் வரிவரியாக விளக்கினாள். சம்பளம் கூட்டக் காசில்லை என்று சொல்லும் கொம்பனி, அதே வருஷம் தன் நியூயோர்க் சொந்தக்காரருக்கு "ஆலோசனைக் கட்டணம்" என்று ஒரு தொகை கட்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வோர்டன்மாரும் கேட்ட சம்பள உயர்வு எல்லாம் சேர்த்தாலும் அதில் அரைவாசிகூட இல்லை.

"இந்தப் பொக்கற்றிலை இருந்து எடுத்து அந்தப் பொக்கற்றிலை வைக்கினம்," என்றாள் றொசாந்தி. "என்ரை வேலையிலை இதை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். ஆற்றை பொக்கற் எண்டு யோசிச்சதில்லை." க்வாமே அந்தப் பக்கத்தை நாற்பது பிரதி எடுத்துக் கவுன்சிலர் ஒவ்வொருவருக்கும் அனுப்பினார்.

கோயிலைவிட அக்கா பயந்தது வேறு ஓர் இடத்துக்கு. எங்கள் தெருவில் வாமதேவனின் பலசரக்குக் கடை. மனுசனுக்கு மூன்று வான், ஒவ்வொன்றும் டிக்கற் வாங்கிக் குவிக்கும். அவர் வோர்டன்மாரைத் திட்டும் திட்டு நோர்பரி முழுக்கப் பிரசித்தம், பரம்பரையையே இழுப்பார். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அக்கா உள்ளே போனா. கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், நானும் நின்றேன்.

வாமதேவன் அவவைக் கண்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்தார். "தங்கச்சி, நீங்களே?"

"ஓம், அண்ணை."

"பதினாலு வருஷமோ?"

"ஓம்."

"நான் இஞ்சை நிண்டு திட்டுறதெல்லாம் கேட்டுக்கொண்டே தேங்காய் வாங்கினனீங்கள்?"

"ஓம், அண்ணை. சில நாள் ரெண்டு தேங்காய்."

கடையே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. வாமதேவன் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரிஞ்சிருந்தால் அப்பிடித் திட்டியிருக்க மாட்டன்," என்றார். பிறகு நேர்மையான மனுசன், யோசித்து, "கொஞ்சம் குறைச்சுத் திட்டியிருப்பன்," என்றார். சிரிப்புப் பொங்கியது. அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணி வந்தது. "நாளைக்கு எத்தினை பேர் நிப்பியள்? சாப்பிட ரோல்ஸ் எத்தினை வேணும்?" என்று கேட்டார் வாமதேவன்.

திங்கட்கிழமை இருநூறு ரோல்ஸும் ஒரு பெரிய கேத்தில் தேத்தண்ணியுமாக அவருடைய வான் வந்து, அலுவலக வாசலில், இரட்டை மஞ்சள் கோட்டின் மேல் நின்றது.

இம்மாகுலேற் அக்கா ஓடிப் போனா. "அண்ணை, அது டபிள் யெல்லோ."

"நீங்கள் எல்லாரும் ஸ்ரைக் தானே? ஆர் எனக்கு டிக்கற் எழுதுறது?"

"ஒருத்தரும் எழுதமாட்டினம். ஆனா அம்புலன்ஸ் வந்தால் எப்பிடித் திரும்பும்? எடுங்கோ."

வாமதேவன் முணுமுணுத்தபடி வானை எடுத்து மூன்று தெரு தள்ளி விட்டுவிட்டு, ரோல்ஸ் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்.

அன்று மத்தியானம் மஞ்சள் றேசிங் கார்க்காரரும் வந்தார். அவர் காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அசைக்க முடியாது. விமான நிலையத்துக்குப் போக வேண்டும். "தயவுசெய்து இரண்டுக்கும் டிக்கற் போடுங்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்."

"தம்பி, நான் வேலையில் இல்லை," என்றா அக்கா. "இது காசால் நடக்கிற காரியமும் இல்லை. ரோல்ஸ் சாப்பிடுகிறீர்களா?"

அவர் விமானத்தைத் தவறவிட்டார். இரண்டு மணித்தியாலம் நடைபாதை விளிம்பில் றூத்தின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தார். றூத் அவரோடு சொந்த ஊர்க்காரி முறையில் கதைத்தா, கொஞ்சம் ஏசவும் ஏசினா. வோர்டனின் மணித்தியாலச் சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்டார். அக்கா சொன்னா. "மணித்தியாலத்துக்கு அவ்வளவுதானா?" என்று மறுபடியும் கேட்டார். ஆள் அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் எல்லாருக்கும் கோப்பி வாங்கி வந்தார். வீட்டுக்காரர் சங்கம் கவுன்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அவரும் கையெழுத்து வைத்தார். ஒரு வருஷத்துக்கு முன் வோர்டன்மார் மிகக் கடுமை என்று முறைப்பாடு எழுதிய அதே சங்கம், இப்போது "எங்கள் வோர்டன்மாரை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதியிருந்தது. அந்த "எங்கள்" என்ற சொல்லை க்வாமே உரத்து வாசித்தபோது நாற்பத்தாறு பேரும் விசில் அடித்தார்கள்.

பதினேழாம் நாள் கவுன்சில் கொம்பனியைக் கூப்பிட்டது. அறிக்கையின் அந்தப் பக்கம் மேசையில் இருந்தது, கொம்பனி இறங்கி வந்தது. சுகவீனச் சம்பளம் முதல் நாளிலிருந்தே, தேத்தண்ணி நேரம் திரும்பவும், சிவப்பு லைற் இல்லை. சம்பள உயர்வு கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு. க்வாமேக்கு முழுத் திருப்தி இல்லை, மிச்சத்துக்கு அடுத்த வருஷம் வருவோம் என்றார். வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். க்ரெய்க் இன்னும் அதே பதவியில்தான் இருக்கிறார். கூட்டங்களில் குடும்பம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்.

திரும்ப வேலைக்குப் போன காலை, அக்கா முதல் தடவையாக நோர்பரியிலிருந்தே சீருடையோடு ரயில் ஏறினா. அதுவரை வேலையிடத்துக்குப் போய்த்தான் மாற்றுவா. தெருவில் குப்பை லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். பிலிப்பைன்ஸ் பெண் கட்டிப் பிடித்தா. றூத் ஜன்னலைத் திறந்து இடுப்பை ஆட்டிக் காட்டினா. முதல் டிக்கற்றை அக்கா ஒன்பது பத்துக்கு எழுதினா, ஷாம்பெயின் கொடுத்த மனுசனின் காருக்கு. அவன் வெளியே வந்து பார்த்து, வாங்கிக்கொண்டு போனான்.

ஆவணி மாதம் தொழிற்சங்கம் ஒரு பஸ் பிடித்து எல்லாரையும் குடும்பத்தோடு மார்கேற் என்ற ஊரின் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனது. என்னையும் அருள்நேசன் இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸை எங்கே நிறுத்தலாம் என்று ட்றைவர் கேட்டதுதான் பிழை. இருபத்தைந்து வோர்டன்மார் இறங்கி, பார்க்கிங் விதி எழுதிய ஒரே பலகையைச் சுற்றி நின்று, கால் மணித்தியாலம் வாதாடினார்கள். ட்றைவர் அதற்குள் ஒரு ஐஸ்கிறீம் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

நல்ல வெயில். றொசாந்தி தன் வேலையிடத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தாள், பைலா பழக என்று. வாமதேவன் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மிளகாய்த்தூள் தூவி எல்லாருக்கும் கொடுத்து, க்வாமேயைத் தும்ம வைத்தார். இம்மாகுலேற் அக்காவும் றூத்தும் முழங்கால் வரைக்கும் உடுப்பை உயர்த்திக்கொண்டு தண்ணிக்குள் நின்றார்கள். அலை வரும்போதெல்லாம் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினார்கள். குளிர்ந்த தண்ணி. வெளியே வரச் சொன்னால் வரவில்லை.

ஆறு மணிக்குப் பஸ் புறப்பட வேண்டும். அக்கா கடைசியாக ஏறினா, கால் முழுக்க மணலோடு. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அருள்நேசனின் தோளில் சாய்ந்து, லண்டன் வரும் வரைக்கும் நல்ல சத்தமாகக் குறட்டை விட்டா.